பொரியக் கூடாத சோளம்

எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் கிறிஸ்டினா வீட்டுக்கு யாரும் சும்மா போய் உட்கார்ந்து கதை பேசுவதில்லை. போனால் காபி கொடுப்பாள், நல்ல காபிதான். ஆனால் டம்ளரை நீட்டும்போதே வந்தவர் கை, இடுப்பு மடிப்பு, பை என்று அவள் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். கிளம்பும்போது இன்னொரு சுற்று. அது முடிந்த பிறகுதான் "போய்ட்டு வாங்க" என்பாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பதினொரு வருஷமாகச் செய்கிற வேலை கண்ணில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

திருவொற்றியூரைத் தாண்டி இருக்கிற ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டில் பெண்களைச் சோதிப்பதுதான் அவள் வேலை. கப்பலில் வந்து இறங்கும் சரக்கு, கஸ்டம்ஸ்காரர்கள் பார்த்து அனுப்பும் வரை அங்கே கிடக்கும். உள்ளே பெருக்கவும் கிழிந்த மூட்டை தைக்கவும் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர்கள் வரிசையாக வந்து கையை விரித்து நிற்பார்கள். கிறிஸ்டினா கொண்டையில் தொடங்குவாள். முதுகு, இடுப்பு, முந்தானை மடிப்பு, கொசுவம் என்று தடவிக்கொண்டே இறங்கி, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, "போ" என்பாள். ஒருத்திக்கு அரை நிமிஷம். சிரிக்க மாட்டாள். சிரித்தால் கை தளர்ந்துவிடும் என்பது அவள் கணக்கு.

அந்த வரிசையில் ஒருத்தி மலர்க்கொடி. கிறிஸ்டினாவின் புருஷன் பிரகாஷுக்குத் தங்கை. சூரத்துக்கு வேலைக்குப் போன மலர்க்கொடியின் புருஷன் போனவன் போனவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அங்கேயே இருந்துவிட்டாள். பிரகாஷ் டிரெய்லர் ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். கிறிஸ்டினாவுக்குப் பிள்ளை கிடையாது. நாத்தனாருக்கு யார்டில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், தினமும் அவளைத் தடவிப் பார்த்து வெளியே விடுவதும் அவள்தான். வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. அதற்காக மலர்க்கொடியை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தி, மற்றவர்களுக்கு அரை நிமிஷம் என்றால் அவளுக்கு ஒரு நிமிஷம் பார்ப்பாள். பை கூடக் கொண்டுவரக் கூடாது. சோற்று டப்பாவை மத்தியானமே கொண்டுவந்து கிறிஸ்டினாவின் பையில் போட்டுவிட வேண்டும், வெறுங்கையோடுதான் கேட்டுக்கு வர வேண்டும். இவ்வளவு நேர்மையை நேரில் பார்த்தவர்கள் மெச்சத்தான் செய்தார்கள். மலர்க்கொடி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வியாழக்கிழமை மூன்றாம் குடோனில் ஒரு மூட்டை கிழிந்து, பாதி காலியாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மக்காச்சோளம். சினிமாக் கொட்டகைகளில் பாப்கார்ன் பொரிக்கப் போகிற சோளம்.

செக்யூரிட்டி சூப்பர்வைசர் அருள்பிரகாசம் மரியாதையான மனிதர், சத்தம் போட மாட்டார். கிறிஸ்டினாவைக் கூப்பிட்டு, "ஆம்பளைங்க பக்கம் கேமரா இருக்கும்மா. எதுவும் போகல. உன் கைவழியாத்தான் போயிருக்கணும். யாருன்னு சொல்லு, இல்லன்னா நான் உன் பேரைத்தான் எழுதணும்" என்றார்.

உன் கைவழியாக. அந்த வார்த்தை அவளைக் குத்திவிட்டது. அன்று சாயங்காலம் வரிசையைப் பார்த்த பார்வையில் ஒவ்வொருத்தியும் திருடியாகத் தெரிந்தாள். கார்குழலி என்று ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு நாளாக வரிசையின் கடைசியில் நிற்கிறாள். ரவிக்கை புதுசாக, தொளதொளவென்று. முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறாள். இதெல்லாம் கிறிஸ்டினாவின் அகராதியில் ஏற்கெனவே அர்த்தம் எழுதி வைத்த விஷயங்கள். கார்குழலியின் முந்தானை மடிப்பை உதறினாள். நாலு சோளமணி விழுந்தது.

குடோன் பெருக்குகிற எவள் மடிப்பை உதறினாலும் நாலு மணி விழும். கோதுமை வந்தால் கோதுமை, சோளம் வந்தால் சோளம். கிறிஸ்டினாவுக்கு இது தெரியாதா? பதினொரு வருஷமாகத் தெரியும். ஆனாலும் அந்த நாலு மணியை ஒரு காகிதத்தில் மடித்து அருள்பிரகாசத்தின் மேஜைமேல் வைத்தாள். "நான் எடுக்கலக்கா, சத்தியமா எடுக்கல, நீ சொல்லேன்க்கா" என்று கார்குழலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்டினா கையை இழுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து கார்குழலிக்கு வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினா காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தாள். பிரகாஷ் கிருஷ்ணபட்டணம் போயிருந்தான். அன்று கேட்டில் வேறு ஒருத்தி. மலர்க்கொடிக்கு அரை நாள் வேலை, இரண்டு மணிக்குத்தான் வருவாள். காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஏதோ ஒரு கம்பெனியின் நாற்றம் மாடி வரை ஏறியிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு அரிசி அளக்கப் போனவள், டிரம் வைத்த இடத்திலிருந்து இரண்டு விரல் முன்னால் தள்ளியிருப்பதைப் பார்த்தாள். நமக்கெல்லாம் தெரியாது, அவளுக்குத் தெரியும். கையை விட்டுத் துழாவினாள். டிரம்முக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. நிறையச் சோளம்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் முன்னால் வைத்தாள். பத்து வயசு மதியும் ஏழு வயசு நிலவனும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி இது?"

மதி டப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "சோளம் அத்த. அம்மா வெச்சுது."

"எங்கேருந்து?"

"ரோட்டுல லாரிலருந்து கொட்டுச்சாம். அள்ளிகினு வந்துச்சாம்."

பதில் கேட்கும் முன்பே தயாராக இருந்தது. சொல்லிக் கொடுத்த பதில் எப்படி ஒலிக்கும் என்று கிறிஸ்டினாவுக்குத் தெரியாதா என்ன. ஆனால் அது பொய்யாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. கோழித் தீவனத்துக்குச் சோளம் ஏற்றிப் போகிற லாரிகள் எர்ணாவூர் ரோட்டில் தினமும் சிந்திவிட்டுத்தான் போகின்றன. கோழி வளர்க்கிறவர்கள் துடைப்பத்தோடு வந்து அள்ளுவது வழக்கம். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சின்னதாக, உருண்டையாக இருந்தது. தீவனச் சோளம் பெரிசு, தட்டை. ஆனால் அதிலும் சின்னது கலந்து வராதா? வரும், வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தீவனச் சோளம் பொரியாது. சட்டியில் போட்டால் கருகும், மிஞ்சிப்போனால் கீறல் விடும். பூவாக மலர்வது கொட்டகைச் சோளம் மட்டும்தான். கேட்டுக் கேட்டு உண்மையைப் பிடுங்குவதைவிட அடுப்பில் போட்டுப் பார்த்துவிடலாம்.

"பொரிச்சு உருண்டை புடிக்கலாமா?" என்றாள்.

பிள்ளைகள் நம்பவில்லை. அத்தை தானாகச் சமையலறைக்குக் கூப்பிட்டது இதுவரை நடந்ததே இல்லை. நிலவன்தான் முதலில் எழுந்து ஓடினான். மதி மெதுவாக, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்தால் இதெல்லாம் தொற்றிக்கொள்ளாமல் இருக்குமா?

கிறிஸ்டினா அலுமினிய குண்டானை அடுப்பில் வைத்து எண்ணெய் விட்டாள். ஒரு பிடி சோளத்தைப் போட்டு, உப்புத் தூவி, தட்டால் மூடினாள். நிலவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று தட்டையே பார்த்தான். "எப்ப அத்த வெடிக்கும்?" என்று கேட்டான். "இரு" என்றாள். பிள்ளைகள் இரண்டும் அது வெடிக்க வேண்டும் என்று காத்திருந்தன. அவள் மட்டும், மாதாவே, வெடிக்கக் கூடாது, கருகிப் போகட்டும், வீடு முழுக்கக் கருகல் நாற்றம் அடிக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கரித்துணியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் லேசாகச் சீறியது. அவளுக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. பாவம் மலர்க்கொடி, உண்மையாகவே ரோட்டில்தான் அள்ளியிருக்கிறாள் என்று நினைக்கவும், தட்டில் ஒன்று டப்பென்று மோதவும் சரியாக இருந்தது. பிறகு இரண்டு. பிறகு கூட்டமாக. தட்டு தூக்கித் தூக்கிப் போட்டது. நிலவன் ஸ்டூலிலேயே குதித்தான். அவள் தட்டைத் திறந்தபோது குண்டான் நிறைய வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பொரியாதது ஒன்றுகூட இல்லை. அவ்வளவு நல்ல சோளம்.

கிறிஸ்டினாவுக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை. யார் எடுத்தது என்பது தெரிந்துவிட்டது. எப்படி எடுத்தாள்? ஒரு நிமிஷம் முழுதாகத் தடவிப் பார்க்கிறாளே, கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்கிறாளே, எந்த இடத்தை விட்டாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது.

வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சினாள். சுக்கும் ஏலக்காயும் நசுக்கிப் போட்டாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, "ஒரு சொட்டு விட்டுப் பாரு, உருட்ட வருதா" என்று மதியிடம் கரண்டியைக் கொடுத்தாள். மூன்றாவது தடவை பாகு தண்ணீருக்குள் கரையாமல் மணியாக நின்றது. பொரியைக் கொட்டிக் கிளறி, மூன்று பேரும் கையில் நெய் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும். நிலவன் பிடித்தது ஒன்றுகூட உருண்டையாக இல்லை. பிடிப்பதைவிட வாய்க்குள் போனது அதிகம். மதிக்குக்கூட முகம் இளகிவிட்டது. நெய்க்கையால் தம்பியின் மூக்கைத் தொட்டுவிட்டுச் சிரித்தாள்.

இதற்காகத்தான் கிறிஸ்டினா காத்திருந்தாள். கேட்டிலும் இப்படித்தான், ஆள் அசரும் நேரம் பார்த்துத்தான் கேள்வி.

"நல்லா பொரிஞ்சுதுடா. அம்மா ஒரே நாள்ல அள்ளிகினு வந்துச்சா இவ்ளோ?"

"இல்ல அத்த, தெனம் கொஞ்சம்" என்றான் நிலவன். மதி அவன் காலை மிதித்தாள். அவன் "இன்னாடி மிதிக்கிற" என்று அவளைத் தள்ளிவிட்டு உருண்டையை நக்கினான்.

"எதுல எடுத்துகினு வரும்?"

"உன் பையிலதான். நீ வூட்டுக்கு வந்து மூஞ்சி கழுவப் போசொல்லோ, அம்மா உன் பையிலருந்து அது டப்பாவ எடுக்கும். அதுலதான் இருக்கும்."

மதி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

கிறிஸ்டினா கையில் இருந்த உருண்டையை அழுத்திக்கொண்டே இருந்தாள், அது உதிர்ந்து மடியில் கொட்டும் வரை. அவள் பை. கேட்டு அறையில் ஆணியில் தொங்குகிற, எவனும் தொட்டுப் பார்க்காத பை. சோதிக்கிறவளை யார் சோதிப்பார்கள்? அந்த டப்பாவைத் தன் பையில் போடச் சொன்னதே அவள்தான். ஊர் மெச்ச வேண்டும் என்று தானே ஒரு ஓட்டையைப் போட்டு, தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நிமிர்ந்து நடந்து வெளியே வந்திருக்கிறாள். அதே நாட்களில்தான் கார்குழலியின் முந்தானையை உதறினாள்.

மலர்க்கொடி இரண்டரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வெல்ல வாசனையில் நின்றுவிட்டாள். உள்ளே வந்து தட்டைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"என் பையில போயிருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது" என்றாள் கிறிஸ்டினா.

மலர்க்கொடி மறுக்கவில்லை. "மூட்டைய நான் கிழிக்கல அண்ணி. ஃபோர்க்லிப்ட்டுக்காரன் குத்திட்டான். பேஜாராயிடும், வாரிக் கால்வாயில கொட்டிடு, யாராண்டயும் மூச்சு விடாதன்னான். அவ்ளோ சோளத்தையும் ஒரு மூலைல தள்ளி வெச்சு, தெனம் கொஞ்சம் கொட்டுனேன். கொட்ட மனசு வர்ல. புள்ளைங்க பாப்கார்ன் பாப்கார்ன்னு அழுவுதுங்க. குப்பைக்குப் போறதுதானேன்னு எடுத்தேன்."

"கார்குழலிக்கு வேலை போச்சே, அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"யாராண்ட தொறக்கறது? உன்னாண்டயா?" மலர்க்கொடியின் குரல் உயரவில்லை. "ஆறு வருஷமா இந்த வூட்டுல கீறேன். சக்கர டப்பாவுல கோடு போட்டு வெக்கிற. நான் வெளிய போசொல்லோ என் இடுப்பப் பாக்குற. கேட்டுல தடவுறது பத்தாதுன்னு வூட்டுலயும் தடவிகினுதான் கீற. எடுக்கசொல்லோ எனக்கு பயமே வர்ல அண்ணி. எடுக்காதப்பவே எடுத்தவ மாதிரிதானே கீறேன்."

கிறிஸ்டினாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சோறு போட்டது, வேலை வாங்கிக் கொடுத்தது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சக்கரை டப்பாவில் கோடு இருந்தது உண்மை. பேனாவால் போட்ட கோடு, அலமாரியில் அப்போதும் இருந்தது. இத்தனை நாள் அதை மலர்க்கொடி பார்த்திருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

கையைக் கழுவிவிட்டு வந்து அருள்பிரகாசத்துக்குப் போன் செய்தாள்.

"சார், அந்தச் சோளம் என் பையில வெளிய போயிருக்கு. கார்குழலி எடுக்கல."

"நீ எடுத்தியா?"

"இல்ல சார்."

"யாரு வெச்சா?"

கிறிஸ்டினா மலர்க்கொடியைப் பார்த்தாள். "பை என்னோடது சார்" என்றாள்.

அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். அவளும் அதையே இரண்டு தடவை சொன்னாள். கடைசியில், "நாளைக்குக் கேட்டுக்குப் போகாதம்மா. நேரா ஆபீசுக்கு வா, எழுதிக் குடு. அப்புறம் என்ன செய்யறதுன்னு பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். கார்குழலியைத் திரும்பக் கூப்பிடுவாரா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. அதைக் கேட்டாக வேண்டும், நாளை எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும். அதற்கு முன்னால் கார்குழலியைப் பார்த்துவிட வேண்டும்.

மலர்க்கொடி ஒரு பையில் உருண்டைகளைப் போட்டு நீட்டினாள். "வேணாம், இத எடுத்துகினு எந்த மூஞ்சிய வெச்சுகினு போறது" என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்டினா வெறுங்கையோடு கிளம்பினாள். நிலவன் நானும் வருவேன் என்று காலைக் கட்டிக்கொண்டான். அவனைக் கூட்டிப்போனால் நானும் வருவேன் என்றாள் மதி. ஷேர் ஆட்டோவில் இரண்டையும் மடியில் இடுக்கிக்கொண்டு போனாள்.

கார்குழலி வீடு திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தே வாசலில் உட்கார்ந்திருந்தது. கேட்டுக் கிறிஸ்டினா வந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கார்குழலி வெளியே வந்து வாசற்படியிலேயே நின்றாள். அதே தொளதொள ரவிக்கை. அடிவயிறு லேசாக மேடிட்டிருந்தது கிறிஸ்டினாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறாள். அத்தனை பேர் வயிற்றையும் தடவிப் பார்க்கிற கைக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

"சார்கிட்ட சொல்லிட்டேன்மா. நீ எடுக்கல. என் பையிலதான் போயிருக்கு. என்னால உனக்கு..." கிறிஸ்டினா படியை நோக்கி ஒரு அடி வைத்தாள். "உள்ள வந்து சொல்றேன்."

கார்குழலி நகரவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையத் தூக்கு" என்றாள்.

சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கிறிஸ்டினா கையைத் தூக்கி விரித்தாள். பதினொரு வருஷத்தில் அவள் அப்படி நின்றதே இல்லை. எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கார்குழலி கொண்டையில் தொடங்கினாள். ஊசியை உருவினாள், முடி முதுகில் விழுந்தது. முதுகு, இடுப்பு, முந்தானை, கொசுவம். அவசரப்படவில்லை. ஒரு இடத்தையும் விடவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னாள். கிறிஸ்டினா கழற்றிவிட்டுச் சுடுகிற சிமெண்டுத் தரையில் நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

நிலவன் பயந்துபோய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்த," என்றான், "நீ இன்னா எடுத்த?"

"ஒண்ணும் எடுக்கலடா."

"அப்ப இன்னாத்துக்கு அவங்க பாக்குறாங்க?"

கார்குழலியின் கை நின்றது. கிறிஸ்டினா தலையைத் தூக்கவில்லை. நிலவன் பதிலுக்காக இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.